முகாமில் பயிற்சிப் பணி

(இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பயிற்சிப் பணியாற்றச் செல்லும் மாணவ மாணவியரிடையே எரியோட்டில் ஆற்றிய உரை)



முகாம்களில் வாழும் குடும்பங்கள் தக்க தொழில் தேடிக்கொள்ளவும், பிறர் கையை எதிர்பாராது வாழவும் துணை செய்வது உங்களுக்கு இடப்பட்டிருக்கும் பணி. அதைப்பற்றி எரியோட்டில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். முகாம்கள் திண்டுக்கல்லை அடுத்து இருக்கின்றன. வேலையோ இந்த வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறது. ஆள் போதவில்லை என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளரை அழைத்து வருகிறோம். பக்கத்தில் இருக்கும் கைகளை நாம் இன்னும் சரியாக அறிந்துகொள்ளவில்லை.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். ‘தாயகம் திரும்பியோர்’ என்பவர் வேறு, ‘அகதிகள்’ என்பவர் வேறு. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாகவே வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிர் பிழைக்கக் கடல் கடந்து வந்தவர்களோ அகதிகள். அவர்களிலும் பலர் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வழி வந்தவர்களே. பாட்டன் காலத்தில் மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள். ஆயினும் குடியுரிமை இல்லை. இருவரும் ஒரே விதமாகத் தமிழ் பேசுவார்கள். ஒரே தேயிலைத் தோட்டத்தின் பெயரைக்கூடச் சொல்வார்கள். கையிலுள்ள காகிதம் மட்டும் வேறு. வேலை தேடும்போது அந்தக் காகிதமே முன்னே வந்து நிற்கும்.

தாயகம் திரும்பியோருக்குத் தொழில் அமைத்துக் கொடுத்த வரலாற்றில் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. 1968இல் நீலகிரியில் அரசினர் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்னும் நிறுவனமாயிற்று. கொழுந்து பறிக்கத் தெரிந்த கைக்குக் கொழுந்து பறிக்கும் வேலையே கிடைத்தது. ஆனால் வந்தவர் எல்லோரையும் தோட்டங்கள் தாங்கவில்லை. பெருந்தொகையினருக்கு வியாபாரக் கடன் என்று சில ஆயிரம் ரூபாய் வழங்கி, சமவெளிக் கிராமங்களில் குடியேறச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் பேர் போட்டுச் சம்பளம் வாங்கியவர் பெட்டிக்கடை வைத்து எப்படிப் பிழைப்பார்? சரக்கு எங்கே மலிவு, யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கூடாது என்பதெல்லாம் அவர் அறியாத கலை. பணம் கரைந்தது, மீண்டும் மலை தேடிப் போனார்கள். நம் கொடைக்கானல் மலையிலேயே, மரம் வெட்டும் குத்தகைக்காரரிடம் முன்பணம் வாங்கி, அதைத் தீர்க்கமாட்டாமல் கொத்தடிமைகளானவர்கள் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னரும் நடந்த கொடுமை இது.

கடன் கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்துடன் கொடுக்கவில்லை. ‘உமக்கு என்ன வேலை தெரியும்?’ என்ற கேள்வியைக் கேட்க மறந்தார்கள், அவ்வளவே. உங்கள் இரண்டு மாதப் பணியும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

முகாம்களின் இன்றைய நிலையைச் சிறிது சொல்கிறேன். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் இருந்த குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டப்பெற்று 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. பழைய ஓலைக் கூரையும் தகரமும் போய்க் காரை வீடு வந்தது பெரிய மாறுதல். 2021இல் உயர்த்தப்பட்ட அளவின்படி, மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் 1,000 ரூபாய், 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 500 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்குக் கூட்டிப் பாருங்கள். 3,500 ரூபாய் வருகிறது. அரிசி உண்டு. எனினும் மருந்து, பள்ளிக்கூடச் செலவு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் உழைத்துத்தான் ஆக வேண்டும். உழைக்கிறார்கள். பகலில் முகாமுக்குப் போனால் ஆண்களைக் காண்பது அரிது. ஆகையால் மாலையில் செல்லுங்கள்.

ஆண்களிற் பெரும்பாலோர் செய்வது வர்ணம் பூசும் வேலை. ‘பெயிண்டு வேலை’ என்றால்தான் அங்கே விளங்கும். பட்டம் பெற்றவரும் சாரத்தில் ஏறி நிற்பதைக் காண்பீர்கள். அரசுப் பணி இல்லை, பாஸ்போர்ட் இல்லை; முகாமில் தணிக்கை நடக்கும் நாளில் நேரில் நிற்க வேண்டியிருப்பதால் தொலைதூர வேலைக்கும் தடை. நாட் கூலிக்குப் பெயிண்டு வேலை ஒன்றே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. இதைக் கண்டவுடன் ‘ஐயோ, படித்தவர் இப்படியா!’ என்று உருகி, அவருக்கு உத்தியோகம் வாங்கித் தருவதாக வாக்களித்துவிடாதீர்கள். சட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று கருதும் நிலையிலிருந்து 2025 செப்டம்பரில் ஓரளவு விலக்குக் கிடைத்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, தக்க ஆவணமின்றி வந்ததற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தா என்று மத்திய அரசு அறிவித்தது. அது குடியுரிமை ஆகாது. இரண்டையும் குழப்பி யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் செய்யக்கூடியது யாது? அதே பெயிண்டு வேலையிலேயே ஒரு படி இருக்கிறது. இருபது ஆண்டு சுவர் தேய்த்தவர் இன்னும் மேஸ்திரியிடம் நாட்கூலி வாங்குகிறார். மேஸ்திரிக்குத் தெரிந்து இவருக்குத் தெரியாதது பூசுவதில் ஒன்றுமில்லை. சதுர அடி அளப்பது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்கிடுவது, மதிப்பீடு எழுதி வீட்டுக்காரரிடம் கொடுப்பது, கடையில் கடன் சொல்லிச் சரக்கெடுப்பது, ஏணியும் சாரமும் சொந்தமாக வைத்திருப்பது: இவ்வளவே வேறுபாடு. இவற்றில் முதல் மூன்றையும் படித்த பையன் ஒருவன் பதினைந்து நாளில் கற்றுக்கொள்வான். அந்தப் பையன் அந்த முகாமிலேயே இருக்கிறான். ஐந்தாறு பேர் ஒன்று சேர்ந்தால் ஏணி வாங்கலாம். கடைக்காரரிடம் அறிமுகம் செய்து வைப்பதை நீங்கள் செய்யலாம். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது தையல் வகுப்பைக் குறித்து எச்சரிக்க விரும்புகிறேன். எந்த முகாமுக்குப் போனாலும் நம்மவர்க்கு முதலில் தோன்றுவது தையல் இயந்திரம்தான். ஒரே தெருவில் இருபது பேர் ரவிக்கை தைத்தால் துணி கொண்டுவருவது யார்? கற்பிப்பதற்கு முன் வாங்குபவரைத் தேடுங்கள். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை வீட்டிலிருந்தே செய்வது, விசாரிக்கலாம். ஆனால் ஒரு சேலைக்குக் கூலி எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், அதை முடிக்க எத்தனை மணி ஆகிறது என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் வகுத்துப் பார்த்த பிறகு, அந்த அம்மாவே வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும்.

நூற்பாலைகளுக்கும் இதே விதி. ஆலைப் பேருந்து வாசலுக்கு வரும், அது வசதிதான். எனினும் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு இவ்வட்டாரத்தில் எத்தனை கண்ணீருக்குக் காரணமாயிற்று என்பதை எரியோட்டுத் தாய்மார் நன்கு அறிவார்கள். மாதச் சம்பளம் மாதந்தோறும் கைக்கு வருகிறதா, வருங்கால வைப்பு நிதி எண் கொடுக்கிறார்களா, ஈ.எஸ்.ஐ. உண்டா, இரவு ஷிப்டு எத்தனை நாள், வீட்டுக்குப் போக விடுவார்களா என்று கேட்காமல் எந்தப் பெண்ணையும் அனுப்பாதீர்கள். அகதி என்பதால் ஆலையில் கூலி குறைவாக இருந்தால், அதை எழுத்தில் என்னிடம் கொடுங்கள்.

இன்னொன்று. விண்ணப்பப் படிவத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். உங்களுக்கு எளிதாக இருக்கும்; இரண்டு மாதம் கழித்து நீங்கள் போன பின் அந்தப் படிவம் மீண்டும் அவர்களுக்குப் புதிராகிவிடும். முகாம் பிள்ளைகளில் ஒருவரை முதல் நாள் தொட்டே பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாசில்தார் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அவரையே பேசச் செய்யுங்கள். 1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்படித்தான் அகதிகளையே ஆசிரியர்களாகவும் சுகாதார ஊழியர்களாகவும் பழக்கிற்று. வெளியூர் ஊழியர் வருவார், போவார். அவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

எரியோட்டுப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். கூட்டம் முடிந்ததும் மேஸ்திரிமாரும் ஆலை மேலாளர்களும் தயவுசெய்து சற்று இருங்கள். நாட்கூலி என்ன, எந்த மாதம் வேலை மிகுதி, எந்த மாதம் மந்தம், காலை எத்தனை மணிக்கு ஆள் வேண்டும் என்பவற்றை இந்த மாணவர்களிடம் உள்ளபடி சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்துடன் வாசலருகில் நிற்பார்கள். திங்கட்கிழமை மாலை அவர்கள் முகாமுக்குப் போகும்போது கையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.