அந்த முத்திரைத்தாள் விவாகரத்து ஆகாது



குடும்பநலச் சட்டம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். சட்டப் பிரிவுகளில் தொடங்காமல் ஒரு மஞ்சள் பையில் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி ஒரு பெண் வந்தார். அவர் கையில் மஞ்சள் பை. பைக்குள் நான்காக மடித்த இருபது ரூபாய் முத்திரைத்தாள். 'இன்று முதல் நமக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்' என்று எழுதி, இரு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை நம்பி அவர் இன்னொருவரை மணந்தார். பெண் குழந்தை பிறந்தது. எட்டு வருடம் கழித்து அந்தக் கணவர் இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போன இடத்தில்தான் அவருக்கு உண்மை தெரிந்தது: சட்டத்தின் பார்வையில் அவர் இன்னமும் முதல் கணவரின் மனைவி.

"எல்லாரும் சேர்ந்துதானேம்மா எழுதினாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது எட்டு வருடம் பிந்திய பதில். இனி எவருக்கும் பதில் பிந்தக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தாய்மார்களே, முதலில் இதை மனத்தில் வையுங்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றம்தான் கலைக்க முடியும். பஞ்சாயத்தில் எழுதிய தாள் கலைக்காது. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த தாளும் கலைக்காது. ஒரு சமூகத்தில் தொன்றுதொட்டு வரும் மணவிலக்கு வழக்கம் இருந்தால் சட்டம் அதை மதிக்கிறது. ஆனால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் நம் சட்டமன்றம் முழு மதிப்புத் தந்தது. அதைக் கலைப்பதற்கும் நீதிமன்றப் படிதான் ஏறவேண்டும்.

"ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானா ரத்தாயிடும்ல?" என்று கேட்காத ஊர் இல்லை. ஆகாது. ஏழு ஆண்டு என்பது, ஒருவர் உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாதபோது சொல்லப்படும் கணக்கு. கணவர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்றால், இருபது வருடம் பிரிந்திருந்தாலும் திருமணம் திருமணம்தான்.

இருவருக்கும் சம்மதம் என்றால் வழி எளிது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். ஆறு மாதம் கழித்து நீதிபதி மீண்டும் கேட்பார். சேர்ந்து வாழ வழியே இல்லை, ஜீவனாம்சமும் பிள்ளைகள் விஷயமும் பேசி முடிந்துவிட்டது என்றால், அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஒன்றை மறவாதீர்கள்: முதலில் கையெழுத்துப் போட்டவர் தீர்ப்புக்கு முன் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மிரட்டி வாங்கிய கையெழுத்துக்கு முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த கேள்வி, சோற்றுக் கேள்வி. ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. அதற்கு வழிதரும் பழைய சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. மணவிலக்குப் பெற்ற இஸ்லாமியச் சகோதரிகளுக்கும் 125ஆம் பிரிவின் கதவு திறந்தே இருக்கிறது என்று அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இருவருமே தங்கள் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகவே, வழக்கு இழுத்தாலும் உங்கள் உரிமை அந்த நாளிலிருந்தே ஓடுகிறது.

நகை? பிறந்த வீட்டில் போட்டதும் சீராக வந்ததும் உங்களுடையவை. மாமியார் பீரோவில் பூட்டியிருப்பதால் அவை மாமியாருடையவை ஆகிவிடாது. 1985லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீடு? கணவர் பேரில் இல்லை, மாமனார் பேரில்தான் பட்டா என்று வெளியே தள்ளினால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுங்கள். மருமகளாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை நீதிமன்றத்தில் கேட்கலாம். மனுவைக் கணவரின் ஊரில்தான் போடவேண்டும் என்பதும் இல்லை. தாய்வீட்டுக்கு வந்துவிட்டால், அங்கிருந்தே விவாகரத்து வழக்குத் தொடுக்கலாம்.

பிள்ளை யாருக்கு? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் தாயிடம்தான் இருக்கும். அதற்குமேல் தாயா தந்தையா என்பதை விட, பிள்ளைக்கு எது நல்லது என்றே நீதிபதி பார்ப்பார். பெற்றோர்களே, உங்கள் வழக்கில் பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையேம்மா" என்பார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. வீட்டில் அடி விழுந்தால் 181. காலண்டரின் ஓரத்தில் இன்றே எழுதி வையுங்கள்.

அந்த மஞ்சள் பைப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருமணம் செல்லாது என்றாலும் அதில் பிறந்த குழந்தையைச் சட்டம் கைவிடவில்லை. அது முறையான குழந்தைதான். தந்தை சொத்தில் அதற்குப் பங்குண்டு. மகளுக்கு நியாயம் வாங்கித் தர முடிந்தது. தாய்க்கு மனைவி என்ற பெயரைத்தான் வாங்கித் தர முடியவில்லை.

கடைசி நாளில் அந்தத் தாளை என் மேசைமேல் வைத்தார். "கிழிச்சுப் போட்டுடாதீங்கம்மா. பேரை மறைச்சுட்டு நாலு பேருக்குக் காட்டுங்க" என்றார்.

பெயர்களை மறைத்துவிட்டேன். இதோ, இதுதான் அந்தத் தாள். பாருங்கள், தாய்மார்களே. உங்கள் தெருவில் யாராவது இப்படி ஒன்றை எழுதக் கிளம்பினால், நடுவில் போய் நில்லுங்கள்.