தொண்டுக் குழுக்கள் இயங்கும் முறை



ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலையேறும் அடியார்களுக்கு நீர்மோர் வழங்குவது நம் கே.ஜி.கண்டிகை வட்டாரத்துக்குப் புதிதன்று. ஆயினும், விழா முடிந்ததும் கலையும் கூட்டம் வேறு. ஆண்டு முழுதும் உழைக்கும் குழு வேறு. குழுவாக உழைக்கும் முறைக்கு ரோட்டரி சங்கத்தைச் சான்றாகக் கொள்வோம்.

1905இல் சிகாகோ நகரில் நால்வர் கூடித் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர் சேர்க்கை, சேவை, நிதி என அதன் கிளைகளில் பொறுப்புகள் குழுக்களுக்குப் பகிரப்படுகின்றன. தலைவர் ஆண்டுதோறும் மாறுவார். குழுவின் குறிப்பும் கணக்கும் கைமாறுவதால் பணி நிற்பதில்லை.

இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1985இல் அச்சங்கம் உறுதி பூண்டது. 1995 முதல் நம் நாட்டில் நடைபெற்ற சொட்டு மருந்து நாட்களில், அரசின் சுகாதாரப் பணியாளரோடு அதன் தொண்டர்களும் நின்றனர். தாய்மாரை அழைத்துவர ஒருவர், விடுபட்ட வீட்டைக் குறிக்க ஒருவர் என வேலையைப் பிரித்தாலன்றி இப்பணி நிறைவேறாது. ஒரு வீடு விடுபட்டாலும் ஒரு குழந்தை கால் இழக்க நேரிடலாம் அன்றோ? 2011 ஜனவரிக்குப் பின் அந்நோயின் இயற்கைக் கிருமி இந்தியாவில் எவரையும் தாக்கவில்லை என்று 2014 மார்ச் 27இல் சான்று கிடைத்தது.

குடிநீர்த் தொட்டியாயினும் ஏரி வரத்துக்காலாயினும், வேலைக்கு ஒரு பொறுப்பாளரும் முடிக்கும் நாளும் குறிப்போம். செலவுக் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டுவோம். தொண்டுக் குழு பஞ்சாயத்துக்குப் போட்டியன்று, துணையே ஆகும். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர் பலர். சக்கரத்தருகே முட்டுக்கட்டை போடுபவர் சிலர். இருவரும் தம் இடத்தில் நின்றாலன்றோ தேர் நிலை சேரும்!