பேகம்பேட்டில் நம்முடன் வாழும் வண்ணத்துப்பூச்சிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் மரபு. அம்மரபினின்று சிறிது விலகி, இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் வண்ணத்துப்பூச்சி. தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து வந்து இந்நகரில் குடியேறியவர் நாம். அண்டை வீட்டார் பெயரை அறிகிறோம், கடைவீதியை அறிகிறோம், தெலுங்கும் உருதுவும் ஓரளவு பேசக் கற்றிருக்கிறோம். ஆயினும் நம் வீட்டு முற்றத்திலேயே பிறந்து, நம் செடியையே உண்டு, நம் கண்முன்னே பறக்கும் உயிர்களின் பெயரை அறிந்தோமா? ஓர் ஊரில் குடியிருப்பது வேறு. அவ்வூரை அறிந்து வாழ்வது வேறு. இரண்டாவதற்கு ஒரு வழி காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரறிதலின் பயன்

"பூச்சி எதுவாயிருந்தால் என்ன? இனம் பிரித்து அறிவதால் பயன் யாது?" என்று வினவுவோர் உளர். இவ்வினாவுக்கு விடை கூற, பேகம்பேட்டைக் காட்டிலும் தகுந்த இடம் உலகில் இல்லை எனலாம். பழைய விமான நிலையத்துக்கு அருகே, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், சர் ரொனால்ட் ராஸ் பெயரைத் தாங்கிய கட்டடம் ஒன்று இருப்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். இந்திய மருத்துவப் பணியில் இருந்த அவர், மலேரியாக் காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்னும் கருத்தை மெய்ப்பிக்க, 1895 முதல் செகந்தராபாத்திலும் பேகம்பேட்டிலும் கொசுக்களை அறுத்து, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இரண்டாண்டு உழைப்பும் வீணாவது போலத் தோன்றியது. காரணம், அவர் ஆராய்ந்தவை அந்நோயைச் சுமக்காத வேறு இனக் கொசுக்கள். பின்னர்ச் சிறகில் புள்ளிகள் அமைந்த வேறொரு கொசு கிடைத்தது. 1897 ஆகஸ்டு 20 அன்று அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியை அவர் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகஸ்டு 20 இன்றும் உலகக் கொசு நாளாகக் கொள்ளப்படுகிறது.

கொசு என்று பொதுவாகக் கூறிய வரையில் உண்மை வெளிப்படவில்லை. இந்தக் கொசு என்று பிரித்து அறிந்தபோதே வெளிப்பட்டது. சிறகின் புள்ளியைக் கூர்ந்து நோக்குவது வீண்வேலையன்று என்பதற்கு இவ்வூரே சான்று.

கண்டறியும் முறை

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. இவற்றை இனங்காணப் பலர் வழியமைத்துத் தந்துள்ளனர். படைத்துறையில் பணியாற்றிய எவான்ஸ் என்பார் இந்திய வண்ணத்துப்பூச்சிகளை இனங்காணும் நூலை 1927-இல் வெளியிட்டார். பள்ளி ஆசிரியராக விளங்கிய வின்டர்-பிளைத் என்பாரின் நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1957-இல் பதிப்பித்தது. அண்மைக் காலத்தில் கிருஷ்ணமேக் குண்டே, ஐசக் கெஹிம்கர் ஆகியோரின் படநூல்கள் இக்கலையை இல்லந்தோறும் கொண்டுவந்துள்ளன. படைவீரரும் ஆசிரியரும் வளர்த்த கலை இது. ஆதலின் நமக்கு எட்டாத கலையன்று.

முதலில் வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் பிரித்தறிதல் வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்து, குண்டூசித் தலை போல இருக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் இறகு போன்றோ நூல் போன்றோ இருக்கும். அடுத்து ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அளவு, சிறகின் மேற்புறம், சிறகின் அடிப்புறம், பறக்கும் முறை, அமர்ந்த செடி. இவ்வைந்தனுள் கடைசியாகச் சொன்னதே தலையாயது. பூச்சியின் முகவரி செடியே ஆகும்.

செடியே முகவரி

பறக்கும் பூச்சி பல மலர்களில் தேன் அருந்தும். ஆனால் அதன் புழு அங்ஙனம் அன்று. ஒவ்வோர் இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே உண்ணும். தாய்ப்பூச்சி அச்செடியைத் தேடி, இலையைக் காலால் தொட்டுச் சுவையறிந்த பின்னரே முட்டையிடுகிறது. ஆகவே செடி இல்லையேல் பூச்சி இல்லை.

தமிழர் வாழும் இடத்தில் கறிவேப்பிலை இல்லாதிராது. தெலுங்கர் இல்லங்களிலும் அதுவே வழக்கம். அம்மரத்தின் தளிரில், மஞ்சள் நிறத்தில் கடுகளவான முட்டை ஒன்று தனித்து ஒட்டியிருக்கக் காணலாம். முட்டையினின்று வெளிப்படும் புழு, பறவையின் எச்சம் போலக் கருமையும் வெண்மையும் கலந்து தோன்றும். உண்ண வரும் பறவை எச்சமென்று எண்ணி அகலும். வளர்ந்தபின் இலையின் பசுமையையே தனக்கு நிறமாகக் கொள்ளும். தொட்டால் தலையின் பின்புறத்திலிருந்து இருகவையாகக் கொம்பொன்றை நீட்டிக் கடுநாற்றம் எழுப்பும். அஞ்ச வேண்டுவதில்லை, அது கொட்டாது, கடிக்காது. ஏறத்தாழ ஒரு திங்களுள் முட்டை, புழு, கூட்டுப்புழு என்னும் நிலைகளைக் கடந்து சிறகு பெறும். கரிய சிறகில் மஞ்சள் திட்டுகள் நிறைந்து, பின்சிறகில் வால் இல்லாதிருப்பின் அது எலுமிச்சை அழகி. கரிய பின்சிறகில் வெண்புள்ளி வரிசையும் வாலும் இருப்பின் அது கறிவேப்பிலை அழகியின் ஆண்.

சாலையோரத்து எருக்கை இவ்வூரார் ஜில்லேடு என்பர். அதில் வாழ்வது வெந்தய வரியன். செம்மஞ்சள் சிறகும், கரிய விளிம்பும், முன்சிறகின் நுனியில் வெண்பட்டையும் உடையது. எருக்கின் நச்சுப் பாலை உண்டு வளர்வதால் அதன் உடலும் கைக்கும். ஒருமுறை உண்ட பறவை மறுமுறை நாடாது. அதனாலேயே அது விரையாமல், அஞ்சாமல், தாழப் பறக்கிறது.

பூசைக்கென நாம் வளர்க்கும் அரளியில் வெண்புள்ளிக் கருப்பன் வளர்கிறது. அதன் கூட்டுப்புழு வெள்ளியால் செய்த தொங்கட்டான் போல இலையின் அடியில் ஒளிரும். சரக்கொன்றையை நாடுவது கொன்னை வெள்ளையன். வேலியோரத்து ஆமணக்கில், செம்பழுப்புச் சிறகில் அலையலையாய்க் கருங்கோடுகள் ஓடும் பூச்சியொன்று வளரும். மாமரத்தில் புல்லுருவி படர்ந்திருப்பின் அண்ணாந்து பாருங்கள்: அடிச்சிறகில் மஞ்சளும் செம்புள்ளியும் பொலியும் பூச்சி மரஉச்சியில் திரியும்.

ஆவாரையைத் தனித்துக் குறிப்பிட வேண்டும். நம் ஊர்ப் புறம்போக்கிலும் கரிசலிலும் கண்ட அதே செடி இங்குத் தங்கேடு எனப் பெயர் பெற்று, தெலங்காணாவின் மாநில மலராக விளங்குகிறது. பதுக்கம்மாப் பண்டிகையில் மகளிர் அடுக்கும் மலர்களுள் சிறந்ததும் இதுவே. வெள்ளையன் இனப் பூச்சிகள் ஆவாரையிலும் முட்டையிடும். மொழி மாறினும் செடி மாறவில்லை. செடியை நம்பிய பூச்சியும் மாறவில்லை.

வேடம் புனைவோர்

இனங்காண்பதில் இடர் தருவனவும் உண்டு. ரோசா அழகி என்னும் பூச்சி, ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றை உண்டு நஞ்சேறிய உடலினது. பறவைகள் அதனைத் தீண்டா. கறிவேப்பிலை அழகியின் பெண்களுள் ஒரு வகை, தன்னிடம் நஞ்சில்லாதிருந்தும், அந்த ரோசா அழகியின் கோலத்தையே பூண்டு உயிர்தப்புகிறது. சிறகை மட்டும் நோக்கின் ஏமாறுவோம். உடலை நோக்குங்கள்: ரோசா அழகியின் உடல் சிவந்திருக்கும், வேடதாரியின் உடல் கறுத்திருக்கும்.

பருவத்துக்கேற்ப உடை மாற்றும் பூச்சியும் உண்டு. அந்தி வேளையில் விளக்கொளியை நாடி வீட்டினுள் புகும் பழுப்புப் பூச்சியைக் கண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் அதன் அடிச்சிறகில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாய்த் தோன்றும். கோடையில் வட்டங்கள் மறைந்து, காய்ந்த சருகாகவே காட்சி தரும். இரண்டையும் வெவ்வேறினம் என்று கருதுதல் இயல்பே. ஆயினும் இனம் ஒன்றே.

வலசை போகும் இனம்

இடம்பெயர்ந்து வாழ்வது மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியன தென்னிந்தியாவில் ஆண்டுதோறும் வலசை போகின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கிச் சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும் பறக்கின்றன. வடகிழக்குப் பருவமழையின் காலத்தில் மேற்கே மீள்கின்றன. ஆயிரக்கணக்கில் செல்லும் இவை, இடைவழியில் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளை மொய்த்து நிற்கும். சென்றடைந்த இடத்தில் தமக்குரிய செடி உண்டாயின் அங்குக் குலம் பெருக்கும்; இல்லையேல் பெருக்க இயலாது. புலம்பெயர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மகாராட்டிரம் 2015-இல் தனக்கென மாநில வண்ணத்துப்பூச்சியை அறிவித்தது. தமிழகம் 2019-இல் தமிழ் மறவனைத் தன் பூச்சியாக ஏற்றது. தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. பேகம்பேட்டில் அதனைத் தேடுதல் வீண். நம் பிள்ளைகள் அதன் பெயரைப் போற்றட்டும். ஆனால் இங்குள்ள பூச்சியை அறியாமல் அங்குள்ள பூச்சியை மட்டும் போற்றுவது அறிவாகாது. தெலுங்கில் வண்ணத்துப்பூச்சிக்குச் சீதாகோகசிலுக என்று பெயர். கோக என்பது சேலை. சிலுக என்பது கிளி. சீதையின் சேலை உடுத்த கிளி! இத்துணை அழகிய பெயரை அண்டை வீட்டாரிடமிருந்து நம் சிறுவர் கற்க, இதனினும் இனிய வாய்ப்பு ஏது?

நாம் செய்யத்தக்கவை

இந்நகர் கருங்கற் பாறைகளும் முட்புதர்களும் ஏரிகளும் நிறைந்த நிலம். பாறைகள் உடைபட்டன, புதர்கள் மனையாயின. பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் பகுதியில் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் காடு, பழைய நிலத்தின் எச்சமாய் எஞ்சியுள்ளது. காடு காப்பது அரசின் கடன். ஆயினும் வண்ணத்துப்பூச்சி காட்டில் மட்டும் வாழ்வதன்று. சாலையோரத்து எருக்கிலும் முற்றத்துக் கறிவேப்பிலையிலும் வாழ்வது. அவற்றைக் காப்பது நம் கடன்.

முதலாவது, தாய்மார்க்கு ஒரு வேண்டுகோள். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டவுடன் நசுக்க வேண்டா. மருந்து தெளிக்க வேண்டா. அம்மருந்து குழம்பில் இடும் இலையிலும் படியும் என்பதை எண்ணிப் பாருங்கள். வளர்ந்த மரம் ஐந்தாறு புழுக்களால் பட்டுப்போவதில்லை. உண்ட கிளை மீண்டும் துளிர்க்கும். தொட்டியில் உள்ள சிறு செடியாயின், புழுவை இலையோடு எடுத்து வேறொரு கறிவேப்பிலை மரத்திலோ எலுமிச்சையிலோ விட்டுவிடலாம்.

இரண்டாவது, தோட்டம் அமைப்போர்க்கு. அழகுக்காக வைக்கும் குரோட்டன்சும் புல்தரையும் மட்டும் போதா. உண்ணிச்செடி தேன் தரும். ஆயினும் நம் வண்ணத்துப்பூச்சிகளின் புழுவுக்கு உணவு தாராது. தேன் கொடுக்கும் செடி விருந்தினர்க்கு வைக்கும் இலை போன்றது. புழுவுக்கு உணவாகும் செடியே பிள்ளை வளரும் வீடு. எலுமிச்சை, கறிவேப்பிலை, சரக்கொன்றை, ஆவாரை, அரளி ஆகியவற்றுக்கு இடமளியுங்கள். காலனிச் சுவரோரத்தில் ஓர் எருக்கையேனும் வெட்டாது விடுங்கள். அரளியும் எருக்கும் நஞ்சுடையவை. குழந்தைகள் வாயில் வைக்காமல் காப்பது மட்டும் நம் பொறுப்பு.

மூன்றாவது, மாணவர்க்கு. பூச்சியைப் பிடிக்க வேண்டா. சிறகைத் தொட்டால் செதில்கள் உதிரும். குறிப்பேடு ஒன்று போதும். நாள், இடம், செடி, நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். ஆவணி முதல் கார்த்திகை வரை காலை வெயிலில் அரைமணி நேரம் உலவுங்கள். அறிந்த பெயரைத் தமிழில் ஒரு வரியிலும் தெலுங்கில் மறுவரியிலும் எழுதுங்கள். பல வீட்டுக் குறிப்பேடுகளை ஆண்டிறுதியில் ஒன்றுசேர்த்தால், நம் காலனியின் பூச்சிக் கணக்கு உருவாகும். பத்தாண்டு தொடர்ந்தால் எவ்வினம் பெருகியது, எவ்வினம் மறைந்தது என்று சான்றுடன் கூறலாம். மறைந்தபின் வருந்துவதினும், மறையுமுன் அறிவது மேலன்றோ?

அன்பர்களே! கோயிலும் பள்ளியும் சங்கமும் அமைத்து இவ்வூரை நம் ஊராக்கிக் கொண்டோம். இவ்வூரின் புல்லையும் பூண்டையும் பூச்சியையும் பெயர் சொல்லி அழைக்கும் நாளில்தான் அப்பணி நிறைவுறும். அதற்கு நாம் தரவேண்டிய விலை ஒரு கொத்துக் கறிவேப்பிலையே. அதனை மனமுவந்து ஈவோமாக.

 வாழ்க தமிழ்! வாழ்க நாம் வாழும் இந்நகர்!