இளையோர்க்கும் களம் வேண்டும்



ஆனைக்கரையில் நம் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுங்கால், பயிற்சி முதிராத இளைஞனுக்கு எத்துணை நேரம் அளிப்பது? தோல்விக்கு அஞ்சி அவனை வெளியே அமர்த்திவிடுகிறோம்.

பஞ்சாபின் சத்னாம் சிங் 2015-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணியொன்றுக்குத் தேர்வானார்; ஆயினும் அப்போட்டிகளில் ஒரு நிமிடமேனும் ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை. அதே அரங்கில் 1996-இல், 18 வயதில் நுழைந்த கோபி பிரையன்ட், முதற்பருவத்தில் 48 நிமிட ஆட்டத்தில் சராசரி 15 நிமிடங்களே ஆடினார். மூன்றாம் பருவத்தில் அது 37-ஐக் கடந்தது.

நாற்றுக்கு வறட்சியும் ஆகாது, வெள்ளமும் ஆகாது. ஆதலின், நம் 40 நிமிட ஆட்டத்தில் புதியவனுக்கு 10 நிமிடம் உறுதியாக ஒதுக்குவோம். ஒருமுறை பந்தைத் தவறவிட்டான் என்று உடனே வெளியே அழையாதிருப்போம். இன்று ஓர் ஆட்டம் தோற்றாலும், நாளை ஓர் ஆட்டக்காரனைப் பெறுவோம்.