சமையல் எரிவாயுவில் மிதிவண்டி ஓடுமா?

சென்ற பள்ளி விடுமுறையில், எங்களிடம் முன்பு படித்த இளைஞர் ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரை அதில் பூட்டியிருந்தார். மெச்சத்தக்க கைவேலைதான். "சார், பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. அம்மாவின் கேஸ் தோம்பிலிருந்து குழாய் கொடுத்தால் ஓடுமா?" என்று கேட்டார்.

ஓடும் என்பது உண்மையே. சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. காற்றோடு கலந்து தீப்பொறி பட்டால் இதுவும் பெட்ரோலைப் போலவே எரிந்து பிஸ்டனைத் தள்ளும். கரியும் குறைவு. சிறிய மின்னாக்கிகளை இப்படி ஓட்டுவதுண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நான்கு வீச்சு இயந்திரங்கள். அவற்றில் எண்ணெய் அடியில் தனியே நிற்கும்.

இளைஞர் பூட்டியிருந்ததோ இரண்டு வீச்சு மோட்டார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி என்பதுபோல் அளந்து டூ-டி எண்ணெய் கலக்கிறோம் அல்லவா? அந்த எண்ணெய்தான் பெட்ரோலோடு உள்ளே சென்று பிஸ்டனையும் பேரிங்குகளையும் நனைக்கிறது. எரிவாயுவில் எண்ணெய் ஏது? எண்ணெய் தடவாத கல்லில் தோசை ஒட்டிக்கொள்வதுபோல், பிஸ்டன் சூடேறி உருளையோடு இறுகிவிடும். ஓடும்போது இறுகினால் பின்சக்கரமும் நின்று, செம்மண் பாதையில் ஆளையே தூக்கி எறியலாம்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை வீட்டைப் பற்றியது. அடுப்புக்கான ரெகுலேட்டருக்கு மோட்டார் நின்றது தெரியாது. வாயு வந்துகொண்டே இருக்கும். மோட்டாருக்கென்று செய்யப்பட்ட ரெகுலேட்டர் மட்டுமே, மோட்டார் காற்றை இழுக்கும்போது திறந்து, நின்றதும் மூடும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையிலும் கால்வாயிலும் தேங்கும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். வண்டியை இரவில் வீட்டுக்குள் நிறுத்துகிறோம். சாமி விளக்கும் அங்கேதான் எரிகிறது. இன்னொன்று: தோம்பைப் படுக்கவைத்துக் கட்டினால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் பாயும்.

இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. ஆனால் காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தி அடைக்க வேண்டும். அந்தக் கனத்த உருளை மிதிவண்டிக்கு ஒத்துவராது.

பிறகு, பெட்ரோல் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று அவரோடு உட்கார்ந்து பார்த்தோம். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருந்தது. பின்பிரேக் கட்டை சக்கரத்தோடு உராய்ந்துகொண்டே இருந்தது. இரண்டையும் அரை மணி நேரத்தில் சரிசெய்தார். தோம்பு அம்மாவின் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.