எதிராஜவல்லி என்னும் திருநாமம்



மண்ணூருக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமம் யதிராஜநாதவல்லி என்பதாகும். அதனைத் தழுவி எதிராஜவல்லி, எதிராஜம்மாள் என்று பெண்மக்களுக்குப் பெயர் சூட்டுவது தொண்டை நாட்டில் முன்பு பரவியிருந்த வழக்கம். இன்றோ பள்ளி வருகைப் பதிவேட்டில் அப்பெயரைக் காண்பது அரிதாகிவிட்டது.

‘யதி’ என்பது துறவி. யதிராஜன் துறவியர்க்கு வேந்தன். 1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர் துறவு பூண்டபோது, காஞ்சிப் பேரருளாளன் அவரை அப்பெயரால் அழைத்தருளினான் என்று குருபரம்பரை கூறும். யதிராஜனுடைய நாதன் பெருமாள். அந்த நாதனுடைய வல்லி தாயார். அடியவர், ஆண்டவன், அன்னை ஆகிய மூவரும் ஒரே சொல்லில் உறைகின்றனர். திருவள்ளூரில் கனகவல்லி, திருவல்லிக்கேணியில் வேதவல்லி, குடந்தையில் கோமளவல்லி என்று வல்லித் தாயார்கள் பலர் உளர். எனினும் அடியவர் ஒருவரை முன்னிட்டுத் தாயாரின் பெயர் அமைந்திருப்பது தனிச்சிறப்பு. பிள்ளையின் பெயரைச் சொல்லி, ‘இன்னாருடைய அம்மா’ என்று தாயை அழைக்கும் நம்மூர் வழக்கத்தை இது நினைவூட்டுகிறதன்றோ?

இனி உச்சரிப்புக்கு வருவோம். ‘யதி’ என்பதே சரி, ‘எதி’ என்பது கொச்சை என்று கடிந்துகொள்வோர் சிலர். அது பொருந்தாது. தமிழ்ச் சொற்களில் யகர மெய் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாகும் என்பது தொல்காப்பியர் விதி. பிற்காலத்து நன்னூல் ‘ய’ முதலியவற்றுக்கும் இடமளித்தது. ஆயினும் நாவின் பழக்கம் மாறவில்லை. யமன் எமன் ஆனான், யந்திரம் எந்திரமாயிற்று, ஆழ்வார் பாசுரத்தில் யசோதையே அசோதையானாள். மணவாள மாமுனிகள் வடமொழியில் யதிராஜ விம்சதி அருளினார். தமிழில் ஆர்த்திப் பிரபந்தம் பாடியபோது எதிராசரையே போற்றினார். ஆகவே அர்ச்சனையில் ‘யதி’யும், அடுக்களையிலிருந்து மகளை அழைக்கையில் ‘எதி’யும் ஒலிப்பதில் குற்றமொன்றுமில்லை.

பிழை வேறிடத்தில் நிகழ்கிறது. ‘எதிர்ராஜன்’ என்று ரகரமெய்யைப் புகுத்தி எழுதினால் துறவியர் வேந்தர் பகையரசராகிவிடுகிறார்! ‘எத்திராஜ்’ என்று தகரத்தை இரட்டிப்பதும் உண்டு. ‘கதை’ என்பதில் போலத் தமிழில் தனித்த தகரம் மெலிந்து ஒலிக்கும். வடமொழியின் வல்லோசையைக் காக்கவே இரட்டித்தார்கள் போலும். அதைப் பொறுக்கலாம். ஆனால் ‘வல்லி’யை ‘வள்ளி’ ஆக்குவது தகாது. வள்ளி முருகப்பெருமானின் தேவி. பெருமைக்குரிய பெயரே, ஆனால் வேறு பெயர். ‘மண்ணூர்’ என்பதை ‘மன்னூர்’ என்று ஒருவர் வாசித்தால் இவ்வூரார் உடனே திருத்துவார்களல்லவா? அந்தக் கவனம் பாட்டியின் பெயருக்கும் வேண்டும்.

ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றே. தகரத்தின் ஓசையும் தெளிவதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகியுள்ள இந்நாளில், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் உள்ள இப்பெயரைப் பிற மாநிலத்து அலுவலர் எப்படி அறிந்து படிப்பார்? ‘யதிராஜ்’ என்றால் உடனே பொருள் உணரும் வடநாட்டாருக்கும் ‘எதிராஜ்’ புதிராகவே இருக்கும்.

பெயர் அருகியதற்கு நம் மரியாதையும் ஒரு காரணம். பேர்த்திக்குப் பாட்டியின் பெயரைச் சூட்டினர்; மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பதும் வழக்கமாயிருந்தது. ஆதலால் பெற்ற மகளையே ‘பாப்பா’ என்றும் ‘குட்டி’ என்றும் அழைத்தனர். சூட்டிய பெயர் ஏட்டில் உறங்கியது. அடுத்த தலைமுறைக்குச் செல்லப்பெயரே எஞ்சியது. பின்னர் சுருங்கிய பெயர்களில் நாட்டம் மிகுந்தபோது, நீண்ட பெயர் எளிதாகக் கைவிடப்பட்டது.

பெண்மக்களிடையே அருகிய இச்சொல் பெண்கள் கல்லூரியொன்றில் நிலைத்திருப்பது வியப்பே. வழக்கறிஞர் வி. எல். எதிராஜ் 1948ஆம் ஆண்டு சென்னையில் மகளிர்க்கென நிறுவிய கல்லூரி அவர் பெயராலேயே வழங்குகிறது. அங்கு பயிலும் மாணவியர் நாள்தோறும் உடையவரின் திருநாமத்தை, எகரம் முதலாகவே சொல்லி வருகின்றனர்.