படம் வரையும் பிள்ளைக்கு கணக்கும் வந்தால்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"பையன் நல்லா வரையறான், கணக்கும் வருது, எந்தக் காலேஜ்ல சேர்க்கிறது?" இந்தக் கேள்வியை நம் பிளாக்குகளிலும் கேட்கிறார்கள், நான் பிறந்த பழவேற்காட்டுக் குப்பங்களிலும் கேட்கிறார்கள். நம் வாசலுக்கு இறால் கொண்டுவரும் அக்காவும் போன வாரம் கேட்டார்.

எங்கள் ஊரில் ஃபைபர் படகு செய்யும் மேஸ்திரி அச்சின் மேல் கண்ணாடி இழையை விரித்து ரெசின் பூசுவார். முகப்பு வளைவு சரியா என்பதைக் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுவார். அது கலையா, பொறியியலா என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார். 1979-ல் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்திலும் இதே வேலைதான் நடந்தது. அலையடிக்கும் மணல் கரையில் ஏற்றக்கூடிய படகுகளை வரைந்து, செய்து, கடலில் விட்டுப் பார்த்தார்கள்.

இதற்கான படிப்புகள் உண்டு. கட்டடக்கலை, அதாவது பி.ஆர்க்., ஐந்து வருடம். நாட்டா தேர்வு எழுத வேண்டும், பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். பி.டெஸ். நான்கு வருடம். மும்பை, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐ.ஐ.டி.களில் சேர யூசீட் தேர்வு. அகமதாபாத் என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. இவை இரண்டுக்கும் எந்த குரூப் படித்தாலும் தகுதி உண்டு. எழும்பூரில் 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பீங்கான், ஜவுளி வடிவமைப்பும் சொல்லித் தருகிறார்கள். பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடைகிற வீட்டுப் பிள்ளைக்கு அது அந்நியமாகவே தெரியாது.

இனி முக்கியமான விஷயம். குப்பத்தில் கல்லூரிப் பேச்சு மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் தொடங்கும். யூசீட் தேர்வோ ஜனவரியிலேயே முடிந்துவிடும், அதற்கான விண்ணப்பம் அக்டோபரில். மார்க் இருந்தும் ஒரு வருடம் போய்விடும். அதற்கும் முன்பே, பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத குரூப் எடுத்துவிட்டால் பி.ஆர்க். கதவும் பி.இ. கதவும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். இப்போதைக்கு ஒன்றும் முடிவு செய்ய முடியாவிட்டால் கணிதத்தை மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று, சான்றிதழ். மீனவப் பிள்ளைகளிடம் மாநில அரசின் எம்.பி.சி. சான்றிதழ் இருக்கும். ஐ.ஐ.டி.க்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. 'கிரீமி லேயர் அல்லாதவர்' சான்றிதழை தாலுகா ஆபீசில் தனியாக வாங்க வேண்டும். யூசீட் கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு அதுவே பாதி பயம். பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தனியார் கல்லூரி என்றால் விளம்பரத்தை நம்பாதீர்கள். நேரில் போய் பட்டறையைப் பாருங்கள். தரையில் மரத்தூள் கிடந்தால் நல்ல அறிகுறி! மெஷின்களுக்கு உறை போட்டு வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளைகள் கையால் செய்கிறார்கள் என்று முதலாம் ஆண்டு மாணவர்களையே கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் வேறு பதில் வரும்.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறைக் கணினியில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்க நான் தயார். நம் பிள்ளைகளோடு, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, மீன்கார அக்கா வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஆதார், போட்டோ, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.